மூன்றே சொடுக்கில் முனிரத்தினம்

திருவள்ளூரில் தொழிற்பகுதித் தகவல் வாரியம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. கும்மிடிப்பூண்டி வரைக்கும் உள்ள ஆலைகளைப் பற்றிப் பொதுமக்களுக்குத் தகவல் சொல்வது அதன் வேலை. ஆகவே அங்கே போய் யாரும் எதையும் கேட்கக் கூடாது.

ஒரு காலத்தில் கேட்கலாம். வாசலில் 'விசாரணை' என்ற பலகைக்குக் கீழே விக்டோரியா என்ற பெண் உட்கார்ந்திருப்பாள். எந்த ஆலைக்கு எந்த பஸ், எந்த அதிகாரி எப்போது இருப்பார், அடிபட்டவனை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள் என்று எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். வந்தவர்கள் நின்ற வாக்கிலேயே பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இது வாரியத்தின் இயக்குநர் துளசிராமனை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. இத்தனை பெரிய கட்டடம், இத்தனை நாற்காலி, வருகிறவன் வாசலோடு போய்விடுகிறான் என்றால் அப்புறம் எதற்கு அலுவலகம்?

2007-இல் வாரியத்துக்கு இணையதளம் வந்தது. விசாரணைப் பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தளத்தின் முகவரியை எழுதினார்கள். விக்டோரியாவை உள்ளே தட்டச்சு செய்ய அனுப்பினார்கள். திறப்பு விழாவில் துளசிராமன் பேசினார்.

"ஒருவர் கேட்க, இன்னொருவர் பதில் சொல்வது என்பது மனிதனை மனிதன் தொந்தரவு செய்யும் முறை. இனிமேல் தகவல் தன் இடத்தில் இருக்கும், மக்கள் தங்கள் இடத்தில் இருப்பார்கள். எந்தத் தகவலும் மூன்றே சொடுக்கில் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் அது தகவலின் குற்றம் அல்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். விழாவுக்கு வந்த ஆலை முதலாளிகள் கூடுதலாகவே தட்டினார்கள்.

தளத்தில் எதை எங்கே வைப்பது, எதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஒழுங்கு செய்யச் சென்னையிலிருந்து ஜெயராஜ் என்ற ஆலோசகர் வந்தார். "நம்ம வீட்ல உப்பு எங்க இருக்கும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வோம் இல்லையா? தளமும் அப்படித்தான் இருக்கணும்" என்று அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். அவருடைய வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்பது அவருடைய மனைவிக்குத்தான் தெரியும். ஆனாலும் அவர் பல மாதம் பாடுபட்டுத் தலைப்புகளையும் துணைத்தலைப்புகளையும் அடுக்கி முடித்தார். ஒரே ஒரு குறைதான் பாக்கி. பயனர் என்று சொல்லப்படும் அந்த ஆளை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பச்சையப்பன் வந்து சேர்ந்தார்.

பச்சையப்பனுக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். கொஞ்சம் நெல் நிலம் உண்டு. மகன் முனிரத்தினம் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருட்டாலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தான். அந்த வாரம் ஆலையில் உலை வெடித்துவிட்டது. கிடைத்த வண்டிகளில் ஆட்களை ஏற்றி, வழியில் தென்பட்ட ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கொண்டு போனார்கள். பச்சையப்பன் ஆலைக்குப் போனார். எல்லாரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், அவரைக் கேளுங்கள் என்றார்கள். ஒப்பந்தக்காரரின் போன் அணைந்திருந்தது. போலீசுக்குப் போனார். எல்லா விவரத்தையும் தகவல் வாரியத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். எனவே கையில் ஒரு பையோடு திருவள்ளூருக்கு பஸ் ஏறினார். பையில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, ஒரு பாக்கெட் ரொட்டி.

"சார், எம்புள்ள முனிரத்தினம் எந்த ஆஸ்பத்திரில கீறான்னு சொல்லுங்க சார். ரெண்டு நாளா அலைஞ்சிகினு கீறேன்" என்றார்.

வாசல் காவலர் சுவரில் இருந்த இணையதள முகவரியைக் காட்டினார். பச்சையப்பன் எட்டாவது வரை படித்தவர். ஆனால் அது இங்கிலீஷில் இருந்தது. அப்போது அந்தப் பக்கமாக வந்த ஜெயராஜ், இவருடைய கேள்வியைக் காதில் வாங்கியவர், அப்படியே நின்றுவிட்டார். நெல் நிலம் உள்ள ஆள், கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை, ஒரே ஒரு தகவல் அவசரமாக வேண்டும். அவர் படித்த புத்தகத்தில் போட்டிருந்த பயனர் இவரேதான். ஜெயராஜ் அவருடைய தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப் போனார். பச்சையப்பன் அழுதே விட்டார். இரண்டு நாளில் அவரைத் தொட்டு அழைத்த முதல் ஆள் அவர்தான்.

உள்ளே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் அவரை உட்கார வைத்தார்கள். பின்னால் துளசிராமனும் ஜெயராஜும் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். ஜெயராஜின் கையில் ஓட்டப்பந்தயத்துக்கு வைத்திருப்பது மாதிரி ஒரு கடிகாரம்.

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த விக்டோரியா எழுந்து வந்தாள். அன்று காலையில் முனிரத்தினம் என்ற பெயரைத் தளத்தில் ஏற்றியவள் அவள்தான்.

"ஐயா, உங்க பையன் பேரு முனிரத்தினமா? அவரு வந்து..."

ஜெயராஜ் கையை உயர்த்தினார். "விக்டோரியா, நீங்க பயனருக்கு உதவி செய்றீங்க. அது கூடாது."

"சார், அந்தம்மாவுக்குத் தெரியும் போல கீதே. அவங்களையே சொல்லச் சொல்லுங்க சார்" என்றார் பச்சையப்பன்.

"பெரியவரே, அவங்க சொன்னா உங்க ஒருத்தருக்குத்தான் உபயோகம். நீங்களே கண்டுபிடிச்சா இந்த மாவட்டத்துக்கே உபயோகம். பயப்படாதீங்க. நாங்க உங்களைச் சோதிக்கல, தளத்தைத்தான் சோதிக்கிறோம். நீங்க தப்பே பண்ண முடியாது. மனசுல என்ன தோணுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போங்க."

"எம்புள்ள எங்க சார்?"

'பயனரின் நோக்கம் தெளிவாக உள்ளது' என்று ஜெயராஜ் குறித்துக்கொண்டார்.

திரையில் கும்மிடிப்பூண்டிப் புகைபோக்கிகளின் படம், அதற்குக் கீழே 'நுழைய இங்கே சொடுக்கவும்' என்ற எழுத்து. பச்சையப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்துத் திரைக்கு முன்னால் ஒரு சொடக்குப் போட்டார். எதுவும் நடக்கவில்லை. எழுத்துக்குக் கொஞ்சம் கிட்டே போய் இன்னொன்று பலமாகப் போட்டார். பிறகு இடது கையாலும் போட்டுப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. 'பயனர் ஒலிவழிக் கட்டளையை எதிர்பார்க்கிறார், வருங்காலத்தில் பரிசீலிக்கலாம்' என்று ஜெயராஜ் எழுதினார். மவுசை எப்படிப் பிடிப்பது என்று காட்டித் தருவது உதவியில் சேருமா சேராதா என்று இருவரும் பேசினார்கள். மவுஸ் ஒரு கருவிதானே தவிர விடை அல்ல என்று துளசிராமன் தீர்ப்புச் சொன்ன பிறகு காட்டித் தந்தார்கள். மண்வெட்டி பிடித்த கைக்குள் அது முழுக்க மறைந்துபோயிற்று.

தளத்துக்கு உள்ளே போனதும் பச்சையப்பன் தேடியது விபத்து என்ற சொல்லை. அது இல்லை. இருக்கவும் முடியாது. அந்தச் சொல்லை நீக்கியதற்காகத் துளசிராமனுக்கு ஆலை முதலாளிகள் சங்கம் பொன்னாடை போர்த்தியிருந்தது. "வெளிநாட்டுக்காரன் முதலீடு பண்ணலாம்னு தளத்தைத் திறக்கிறான். திறந்ததும் விபத்துன்னு இருந்தா அவன் மனசு என்ன பாடுபடும்?" என்று அவர் அன்று கேட்டார். விபத்துகளையெல்லாம் 'நிகழ்வுகள்' என்ற தலைப்புக்குக் கொண்டு போய்விட்டார்கள். பச்சையப்பன் தற்செயலாக அதில் சொடுக்கியபோது, பாதுகாப்பு வாரக் கோலப்போட்டிக்கும் ரத்ததான முகாமுக்கும் நடுவில் ஒரு வரி வந்தது: 'செவ்வாய், உருட்டாலையில் உலையின் எதிர்பாராத விரிவாக்கம்.' அவர் அதைப் படித்தார். உலையைப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அடுத்ததற்குப் போனார்.

"பேஜாரா கீதே சார். பேரைச் சொல்லித் தேட முடியாதா?"

இதற்காகவே காத்திருந்தவர் போல ஜெயராஜ் நிமிர்ந்தார். தேடல் பெட்டி அவருடைய செல்லக் குழந்தை. பயனர் சொல்லும் எழுத்தை விக்டோரியா தட்டச்சு செய்யலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று அனுமதி கொடுத்தார். அவள் முனிரத்தினம் என்று அடித்தாள். முதலில் எழுத்துரு சரியில்லாமல் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. சரி செய்ததும் நிறைய விடைகள் கொட்டின. ஆலை முதலாளிக்குத் 'தொழில் ரத்தினம்' விருது, விருது விழாப் படங்கள், விருது பெற்றவரின் ஏற்புரை. தொழிலாளர் பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட விருது அது. பச்சையப்பன் ஒவ்வொரு படத்திலும் மாலை போட்டுக்கொண்டு நின்ற ஆளை உற்றுப் பார்த்தார், மகன் எங்கேயாவது பின்னால் நிற்கிறானா என்று.

விக்டோரியாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துளசிராமன் அதைப் பார்த்துவிட்டார்.

"உன் மூஞ்சியே குறிப்புக் குடுக்குது. நீ மாடிக்குப் போ" என்றார்.

அவள் போனாள். ஒப்பந்த ஊழியர், போகாமல் என்ன செய்வாள். படிக்கட்டில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். இதை எழுதுகிற எனக்கு அவள் மேல் கோபம்தான். ஆனால் அங்கே கோபப்பட வேண்டியவர்கள் வரிசையில் அவள் கடைசி ஆள்.

டீ வந்தது. இரண்டு பேர் குடித்தார்கள். காலையில் நாஷ்டாகூடத் தின்னாமல் வந்ததாகப் பச்சையப்பன் சொல்லிப் பார்த்தார். பயனர் வந்த நிலையிலேயே இருக்க வேண்டும், நடுவில் டீ கொடுத்தால் அளவு மாறிவிடும் என்று ஜெயராஜ் வருத்தத்தோடு விளக்கினார். பையில் இருந்த ரொட்டியை எடுத்துத் தின்னலாம் என்றார். அது மகனுக்கு என்று பச்சையப்பன் சொல்லிவிட்டார்.

கடைசியில் 'நமது கூட்டாளிகள்' என்ற தலைப்பில் கை பட்டது. அதற்குள் 'மருத்துவமனைகள்' இருந்தது. அதற்குள் மூன்று பெயர்கள்: உள்நோயாளிகள், புறநோயாளிகள், காப்பகம். உள்நோயாளிகளில் முனிரத்தினம் இல்லை. புறநோயாளிகளிலும் இல்லை. பச்சையப்பன் கையை மறுபடி வேட்டியில் துடைத்துக்கொண்டார். மூன்றாவதைச் சொடுக்கினார்.

முனிரத்தினம், வயது இருபத்திரண்டு, ஊர் தெரியவில்லை.

"கீறான் சார்" என்றார். "காப்பகத்துல வச்சிப் பாத்துக்கினு கீறாங்க. எந்தப் புண்ணியவானோ, நல்லாருக்கணும்."

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். காப்பகம் என்று அங்கே எழுதியிருந்தது பிணவறையை. பிணவறை என்ற சொல் தளத்தில் இருந்தால் வெளிநாட்டுக்காரர் மனசு மறுபடியும் பாடுபடும் என்பதால், ஒரு முழு நாள் கூட்டம் போட்டு மாற்றியிருந்தார்கள். குளிர் அறை என்று ஒருவர் சொன்னார், ஐஸ்கிரீம் ஆலைக்காரர் ஆட்சேபித்தார். பொருளைக் கெடாமல் காப்பது காப்பகம்தானே என்று துளசிராமன் எடுத்துக்கொடுத்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் அவருடைய தமிழைப் பாராட்டினார்கள்.

இப்போதும் பாராட்டு நடந்தது. ஜெயராஜ் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். துளசிராமனும் தட்டினார். "கூட்டாளிகள், மருத்துவமனை, காப்பகம். மூன்றே சொடுக்கு" என்று ஜெயராஜ் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அதற்கு முந்தைய சொடுக்குகள் பயிற்சிக் கணக்கில் சேர்ந்தன. ஒரு தாளில் சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் என மூன்று வரைந்து, உங்கள் மனநிலை எது என்று கேட்டார். பச்சையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கும் முகத்தைத் தொட்டார். அப்படியே அவரைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

"சார், எந்த ஊரு காப்பகம்?"

"அது சோதனையோட ரெண்டாவது பணி பெரியவரே. இன்னைக்கு முதல் பணி மட்டும்தான்."

"உங்களுக்குத் தெரியும்ல சார்?"

"எனக்குத் தெரியறது முக்கியம் இல்ல" என்றார் ஜெயராஜ். அன்று அவர் சொன்னதில் இது ஒன்றுதான் முழு உண்மை. அலுவலகம் மூடும் நேரம் வந்துவிட்டது என்று துளசிராமன் விளக்கை அணைத்தார்.

பச்சையப்பன் கடைத்தெருவில் காப்பகம் எங்கே என்று கேட்டார். ஜனங்கள் நல்லவர்கள், தெரிந்ததைச் சொன்னார்கள். செவ்வாப்பேட்டையில் ஒரு காப்பகம் இருந்தது. முதியோர் காப்பகம். பையனுக்கு வயது என்ன என்று கேட்டார்கள். இருபத்திரண்டு என்றதும், அறுபது ஆகட்டும், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். கடம்பத்தூர்ப் பக்கம் இன்னொன்று. குழந்தைகள் காப்பகம். அங்கே அவன் வயது கூடிப்போயிற்று. அப்புறம் யாரோ சொல்லிக் கால்நடைக் காப்பகத்துக்கும் போனார். அங்கே இருந்தவர்கள் மட்டும் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ரொட்டியில் பூஞ்சை பூத்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு வேறொரு பாக்கெட் வாங்கிக்கொண்டார்.

ஒவ்வோர் இடத்திலும் அவர் பயப்படாமல்தான் கேட்டார். மகன் காப்பகத்தில் இருக்கிறான், கம்ப்யூட்டரிலேயே போட்டிருக்கிறது, எந்தக் காப்பகம் என்பதுதான் தெரிய வேண்டும். இரண்டு நாள் தாமதமானால் அவனுக்கு உடம்பு இன்னும் கொஞ்சம் தேறியிருக்கும் என்றுகூட ஓர் ஊரில் டீக்கடைக்காரரிடம் சொன்னார்.

சுற்றிச் சுற்றி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, பின்வாசலில் கோபால் என்ற ஊழியர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பச்சையப்பன் அவரிடம் காப்பகம் எங்கே என்று கேட்டார். கோபாலுக்குப் புரியவில்லை. வாரியத்துக்காரர்கள் கம்ப்யூட்டரில் காட்டினார்கள், உள்நோயாளி, புறநோயாளி, காப்பகம் என்று விளக்கியதும் கோபால் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"அது பொணவறை நைனா."

பச்சையப்பன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"புள்ள பேரு இன்னா?" என்று கோபால் கேட்டார். சொன்னார். கோபால் தலையைத் திருப்பிக்கொண்டார். "யாரும் வரலன்னு அனாதைப் பொணத்தோட சேத்து முனிசிபாலிட்டி வண்டில எடுத்துக்கினு போய்ட்டாங்க. இணையத்துல போட்டும் யாரும் வரலன்னு வாரியத்துலேந்தே எழுதிக் குடுத்தாங்க. எங்க பொதைச்சாங்கன்ற விவரம் அங்கதான் போவும். அங்கயே கேளு."

பச்சையப்பன் மறுபடியும் திருவள்ளூருக்குப் போனார். வாசலில் நுழைந்ததும் சுவரில் அவருடைய படம் பெரிதாக மாட்டியிருந்தது. கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டிருந்தார். 'தேடியது கிடைத்த மகிழ்ச்சியில் ஒரு விவசாயி' என்று கீழே எழுதியிருந்தது. எளிதில் தகவல் கிடைக்கும் தளம் என்று வாரியத்துக்கு ஒரு கேடயம் கிடைத்திருந்தது. அது பக்கத்தில் இருந்தது.

"எம்புள்ளைய எங்க பொதைச்சாங்கன்னு மட்டும் சொல்லுங்க சார். வேற ஒண்ணும் வாணாம்."

துளசிராமன் அனுதாபப்பட்டார். அந்த விவரம் 'பழைய பக்கங்கள்' என்ற இடத்துக்குப் போய்விட்டது, அதைச் சொடுக்கினால் இன்னும் திறப்பதில்லை என்றார். தட்டச்சு செய்த பெண்ணுக்குத்தான் தெரியும். சோதனையின்போது அழுததற்காக அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

"அப்ப நானே அதுல பாக்கறேன் சார். எனக்கு இப்ப மவுசு புடிக்கத் தெரியும்."

"அதுதான் பெரியவரே பிரச்சினை" என்றார் ஜெயராஜ். "உங்களுக்குப் பழகிப்போச்சு. நீங்க இனிமே பயனர் கிடையாது. எங்களுக்குப் புது ஆள்தான் வேணும். அதோ, வந்துட்டாங்க."

கம்ப்யூட்டர் முன்னால் பழவேற்காட்டிலிருந்து வந்த பீவி ஜான் என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு டிபன் கேரியர். அவளுடைய குடும்பம் கருவாடு வியாபாரம் செய்கிறது. மகன் ரிஜ்வான் சரக்கு வண்டியோடு ஒரு ரசாயன ஆலைக்குள் போயிருந்த நேரத்தில் அங்கே ஒரு நிகழ்வு நிகழ்ந்துவிட்டது. உதவி செய்யக் கூடாது என்பதால் எல்லாரும் பின்னால் அமைதியாக இருந்தார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டாளிகள் என்றாள். மருத்துவமனைகள் என்றாள். மூன்றாவது பெயரைச் சொடுக்கியதும் மகன் பெயர் வந்தது. அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"அல்லாவே, காப்பகத்துலயா வச்சிருக்காங்க? சோறு குடுத்தா உள்ள உடுவாங்களா?"

ஜெயராஜ் கைதட்டக் கையை உயர்த்தினார்.

"யம்மா, அது பொணவறை" என்றார் பச்சையப்பன்.

பீவி ஜான் திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுடைய கை மவுசின் மேலேயே இருந்தது.

"உங்களுக்கு யாருண்ணே சொன்னா?"

"எனக்கு இங்க யாரும் சொல்லலம்மா" என்றார் பச்சையப்பன். "ஓடு. பெரிய ஆஸ்பத்திரி பின்வாசலுக்கு இன்னைக்கே போனா மூஞ்சியாவது பாக்கலாம்."

அவள் டிபன் கேரியரை மேசை மேலேயே விட்டுவிட்டு ஓடினாள். ஜெயராஜ் கடிகாரத்தை நிறுத்தினார். வெளியாள் விடை சொல்லிவிட்டதால் இன்றைய சோதனை செல்லாது என்று குறித்துக்கொண்டு, பெஞ்சில் வேறு யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்த்து வரச் சொன்னார்.